கைராசிக்காரருக்கு ஒரு போணி

முப்புடாதியம்மன் சந்தில் கடைகள் சுருங்கத் தொடங்கியது ஊரடங்கு போட்ட ஒன்பதாம் நாள் என்று பிரேம் கடை செண்பகவடிவு சொல்லுவாள். இல்லவே இல்லை, முதல் நாளே தொடங்கிவிட்டது, நாம்தான் வீட்டுக்குள் கிடந்தோம் என்று தையல்கடை மைதீன் பாய் சொல்லுவார். எது எப்படியோ, பூட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, போலீஸ் கண்ணில் படாமல் சுவரோரமாக வந்த வடிவு, தலைக்கு மேலே தொங்க வேண்டிய தன் கடைப் பெயர்ப்பலகை மூக்குக்கு நேரே நிற்பதைப் பார்த்து, தின்று தின்று தூங்கி நாம்தான் வளர்ந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நாற்பத்துநாலு வயசில் யாரம்மா வளருகிறார்கள்? திரும்பிப் பார்த்தால், மருந்துக்கடையையும் பலசரக்குக் கடையையும் தவிர சந்தில் இருந்த அத்தனை கடையும் அவள் கடையைப் போலவே தாழ்ந்து நின்றன.

மறுநாள் வந்து அளந்தாள், நாலு விரல் குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் இன்னொரு நாலு விரல். ஷட்டரைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே கதைதான், சுவரில் சாய்த்திருந்த பிரேம் கட்டைகள் ஊதுபத்தி கனத்துக்கு வந்திருந்தன, கண்ணாடி அறுக்கும் கட்டர் குண்டூசி மாதிரி ஆகியிருந்தது, விற்பனைக்கு மாட்டியிருந்த படத்தில் லட்சுமியும் சரஸ்வதியும் பிள்ளையாரும் யார் யாரென்று தெரியாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் என்று ஒருவன் இருந்தான், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். அன்றைக்கு அவளிடம் மிஞ்சியது இந்தக் கடை ஒன்று. விரலை அறுத்து அறுத்துத்தான் கண்ணாடி அறுக்கவே பழகினாள். ஊரில் அவளை இன்னார் பெண்டாட்டி என்று யாரும் சொல்லுவதில்லை, பிரேம் கடைக்காரம்மா என்றுதான் சொல்லுவார்கள். கடை இல்லாமல் போனால் அவளை எப்படிக் கூப்பிடுவார்கள்?

ஊர் இருக்கிறதே, அது எதையும் மூன்று நாள்தான் வாயைப் பிளந்து பார்க்கும். நாலாம் நாள் அதற்கும் ஒரு நடைமுறை வந்துவிட்டது. பலசரக்குக் கடையில் இடைவெளிக்குப் போட்ட வட்டத்தில் நிற்கும்போது, சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஒங்க கடை இப்ப எவ்வளவு உயரம்?" என்று விசாரித்துக்கொண்டார்கள். கட்டடக்காரர் போனில் கூப்பிட்டு, கடைதானே சுருங்கியது, இடம் அப்படியேதானே கிடக்கிறது, அதனால் வாடகையும் அப்படியேதான் என்றார். நகராட்சி அலுவலகத்திலிருந்து டேப்போடு வந்த ஒருத்தர் முட்டி போட்டு, குனிந்து, படுத்து எல்லாம் அளந்துவிட்டு, "சுருக்கம்னு எழுத இந்தப் பாரத்துல கட்டம் இல்லியே, என்ன செய்ய?" என்று பழைய அளவையே எழுதிக்கொண்டு போனார். கடை பெட்டி அளவுக்கு வந்தவர்கள் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் பரணில் வைத்தார்கள், அரிசி டின்னுக்குள் வைத்தார்கள், சாமி மாடத்தில் வைத்து சூடம் காட்டினார்கள். சலூன் குமரேசன் தன் கடையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, தூக்கம் வராத பகல்களில் நகத்தால் அதிலிருந்த நாற்காலியைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பேக்கரியை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விட்டது, பட்டப்பகலில், ஓனர் கண் முன்னால். ஃபேன்சி ஸ்டோர்காரர் கடையை அவர் பெண்டாட்டியே தெரியாமல் பெருக்கித் தள்ளிவிட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு லாரி ஏறினார்.

வடிவு மட்டும் கடையை வீட்டுக்குத் தூக்கிப் போக மாட்டேன் என்றுவிட்டாள். எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும் என்று, தினமும் காலையில் வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எதிர்க்கடை சங்கரபாண்டியன் அண்ணாச்சி. பள்ளிக்கூடப் பையும் குடையும் விற்கிறவர். அவருக்குக் கைராசி உண்டு என்பது சந்துக்கே தெரியும். காலம் நன்றாக இருந்தபோது, காலையில் ஷட்டர் ஏறியதும் ஆளாளுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள், அண்ணாச்சி, ஒரு ஊக்காவது வாங்கிப் போணி பண்ணிட்டுப் போங்க என்று. அவர் கையால் முதல் வியாபாரம் நடந்தால் அன்றைக்கு ராத்திரி வரை கூட்டம் குறையாது. அவரும் சலிக்காமல் ஒவ்வொரு கடையாகப் போய், ஒரு பொத்தானோ ஒரு பென்சிலோ வாங்கிவிட்டு, "நல்லா இருங்க, நான் வாறேன்" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வருவார்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். பேரனுக்குக் கோடு போட்ட நோட்டு வேண்டும் என்று ஸ்டேஷனரிக் கடைக்காரரைக் கெஞ்சி, பாதி ஷட்டரைத் தூக்கச் சொல்லி வாங்கினார். மறுநாள் காலையில் எல்லாக் கடையும் நாலு விரல் குறைந்திருக்க, ஸ்டேஷனரிக் கடை மட்டும் ஒரு சாண் உயர்ந்திருந்தது.

"போணி இல்லாம கெடக்கிற கடைதாம்வே சுருங்குது!" என்று சந்து நடுவில் நின்று கத்தினார். "ஒருத்தருக்கொருத்தர் போணி பண்ணிக்கிடுவோம். யார்ட்டயும் ரூவா இல்லியா? இந்தா, ஒத்தப் பத்து ரூவா. இதையே சுத்தி விடுவோம்."

அந்தப் பத்து ரூபாய் நோட்டு அன்றைக்குப் பட்ட பாடு! வடிவிடமிருந்து பாய்க்கு, பாயிடமிருந்து குமரேசனுக்கு, குமரேசனிடமிருந்து செருப்புக்கடைக்கு என்று மத்தியானத்துக்குள் சந்து முழுக்க ஒரு சுற்று சுற்றி, சானிடைசர் பட்டுப் பட்டு நைந்து, கடைசியில் அண்ணாச்சி கைக்கே வந்து சேர்ந்தது. வாங்கிய சாமானை எல்லாரும் சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் விடிந்து பார்த்தால் எல்லாக் கடையும் எட்டு விரல் குறைந்திருந்தது.

"நாடகம் போட்டா கடைக்குத் தெரியாதா?" என்றார் மைதீன் பாய். "நெசமா ஒருத்தனுக்கு வேணும்னு இருக்கணும். அப்பத்தான் அது போணி."

நிஜமாக யாருக்கு என்ன வேண்டும் அந்த நேரத்தில்? அரிசி வேண்டும், பருப்பு வேண்டும், காய்ச்சல் மாத்திரை வேண்டும். அந்த இரண்டு கடையும்தான் தளதளவென்று வளர்ந்து, மருந்துக்கடையின் கூரை பக்கத்துக் கடைமேல் ஏறிப் படுத்திருந்தது. மற்றக் கடைக்காரர்கள் எல்லாம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணாச்சி உட்காரவில்லை. வீட்டுக்குப் போனார், தன் சட்டையைக் கழற்றினார், தோளில் பிடித்து டர்ரென்று கிழித்தார்.

"ஒங்களுக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினாள் அவர் பெண்டாட்டி தெய்வானை.

"சட்டை கிழிஞ்சிட்டுல்லா? தைக்கணும்லா? அப்ப பாய் கடைக்கு நான் போய்த்தான ஆகணும்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அந்த மனுஷன் தன் வீட்டை உடைக்கத் தொடங்கினார். திங்கள்கிழமை செருப்பு வாரை அறுத்தார், செவ்வாய்க்கிழமை முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்தார், புதன்கிழமை டார்ச் லைட்டைத் தண்ணீரில் போட்டார், நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பின் பர்னரைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தார். எறிந்துவிட்டு, நிஜமான தேவையோடு, நிஜமான காசோடு, ஒரு நாளைக்கு ஒரு கடை என்று சந்தில் ஏறி இறங்கினார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் சுருங்கிய சாமான்தான். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் பாதி மீசையைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டார், கைக்குட்டை அளவுத் துண்டால் தலை துவட்டினார். சாப்பிட உட்கார்ந்தால் தெய்வானை தட்டை ணங்கென்று வைப்பாள், அவர் அந்தத் தட்டையும் ஒரு மாதிரிப் பார்ப்பார், "இதத் தொட்டீகன்னா கைய ஒடிச்சிருவேன்" என்பாள். ஆனாலும் அவர் போன கடை ஒவ்வொன்றும் மறுநாள் ஒரு சாண் எழுந்தது. அந்த ஒரு சாணை அடுத்த வாரத்துக்குள் சுருங்கித் தீர்த்துவிடும், அதற்குள் மறுபடி அவர் சுற்று வந்துவிடும். சந்து பிழைத்துக் கிடந்தது அந்தக் கையால்தான்.

ஊரடங்கைத் தளர்த்தினார்கள், கடைகள் இடுப்பளவு எழுந்தன, அடுத்த வருஷம் சித்திரையில் மறுபடி இழுத்துப் பூட்டினார்கள், மறுபடி அதே கதை. வடிவு கடைதான் எல்லாவற்றிலும் மோசம். தளர்த்திய மாதங்களில்கூட யார் வந்தார்கள் அவளிடம்? சோற்றுக்கு அல்லாடுகிறவன் சாமி படத்துக்கு பிரேமா போடுவான்? அண்ணாச்சி தன் கல்யாணப் படத்தை உடைத்துக்கொண்டு வந்தார், பேரனின் ஓட்டப்பந்தயச் சான்றிதழைக் கொண்டு வந்தார், காலண்டரில் வந்த குற்றாலநாதரைக் கத்தரித்துக் கொண்டு வந்தார். அதோடு தீர்ந்துபோயிற்று. கடை சோப்புப் பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. எறும்புக்குப் பயந்து சுற்றிலும் சாக்பீஸ் கோடு போட்டு, காக்காய்க்குப் பயந்து மேலே ஒரு சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் வடிவு.

அண்ணாச்சி வந்து எதிரில் குத்தவைத்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சல்லடைக்குள் பார்த்தார்.

"என்ன செய்யன்னு தெரியல தாயி. எல்லாக் கடைக்கும் எதையாவது உடைச்சிக்கிட்டு வந்திருதேன். ஒனக்கு மட்டும் ஒண்ணும் ஓட மாட்டேங்கு. எங்க வீட்டுல பிரேம் போடுததுக்கு இனி எம் மூஞ்சிதான் பாக்கி."

"சும்மா கெடங்க அண்ணாச்சி. வாய்ல நல்ல வார்த்தை வரட்டும்" என்று வடிவு அதட்டினாள். அவர் சிரித்தார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டி, "எங் கடைய பாரு, எங்கூடவே சுத்துது, பூட்டுச் சாவிகூட வேண்டாம்" என்றார். பை விற்கிறவர் கடை அவர் பைக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று வடிவும் சிரித்தாள். அது எவ்வளவு பெரிசு இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

வைகாசி பிறந்து நாலாம் நாள் அவருக்குக் காய்ச்சல். கடை கடையாய் ஏறி இறங்கியவருக்கு எந்த வாசலில் ஒட்டியதோ, யாருக்குத் தெரியும். ஆறாம் நாள் ஆம்புலன்ஸ் வந்தது. பதினோராம் நாள் காலையில் செய்தி வந்தது. உடம்பை வீட்டுக்குத் தரவில்லை. சந்தில் ஒருத்தர்கூடப் போய் ஒரு மாலை போட முடியவில்லை. வடிவு சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கவசத்துக்குள் மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தெய்வானை வந்தாள். கையில் ஒரு கவர்.

"படம் கொண்டாந்திருக்கேன். பிரேம் போட்டுக் குடு."

வடிவு கவரைப் பிரித்தாள். போனில் எடுத்ததைப் பெரிசு பண்ணிய படம். அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார், முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது.

"வேற படம் இல்லையா மைனி?"

"எல்லாத்தையும் உடைச்சி, ஒங் கடை பிரேம் அளவுக்குக் கத்தரிச்சிட்டாகல்லா. இதுதான் இருக்கு. மாஸ்க்கு அங்கனயே கெடக்கட்டும், எடுக்க வேண்டாம். ஒழுங்கா ஏத்திப் போடுங்கன்னு நாயாக் கத்துனேன், கேட்டாகளா?" தெய்வானைக்குக் குரல் உடைந்தது.

"மைனி, எங் கடை இருக்க இருப்புக்கு பிரேம் நக அளவுக்குத்தான் வரும்."

தெய்வானை அதைக் காதில் வாங்காமல் இடுப்பிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தாள்.

"அய்யோ வேண்டாம்! இதுக்குக் காசு வாங்குனா எங் கை வெளங்குமா?"

"பிடி. சும்மா போட்டா அது போணியா? ஆஸ்பத்திரியில இருந்து போன்ல பேசினாக. மூச்சு வாங்குது, பேச முடியல, அப்பவும் சிரிக்காக. வடிவு கடைக்கு மட்டும் பாக்கி நின்னுச்சு, இப்ப வழி கெடச்சிட்டு, சுளையா குடுத்திரு, கொறச்சிப் பேசாதன்னாக." தெய்வானை சல்லடையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நோட்டைச் சோப்புப் பெட்டி வாசலில் வைத்தாள். "வாங்கிக்கோ. இல்லன்னா அவுக போனதே வீணு."

வடிவு வாங்கினாள். போணி ரூபாயைக் கண்ணில் ஒற்ற வேண்டும், அவளால் முடியவில்லை.

கடை அவளைக் கேட்காமலே எழுந்தது. முதலில் டிரங்குப் பெட்டி அளவு, பிறகு இடுப்பளவு, பிறகு தலைக்கு மேலே, கட்டைகள் முறுக்கிக்கொள்ள, ஷட்டர் தடதடக்க, பெயர்ப்பலகையில் ஒரு வருஷத்துத் தூசி பொலபொலவென்று உதிர, பழைய உயரத்தையும் தாண்டி ஒரு முழம் போய்த்தான் நின்றது. சந்தில் இருந்தவர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. வடிவு உள்ளே போனாள், நல்ல தேக்குச் சட்டமாக எடுத்தாள், கண்ணாடியை அறுத்தாள், துடைத்துத் துடைத்து அண்ணாச்சியை உள்ளே வைத்து ஆணி அடித்தாள்.

அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் இரண்டு பேர் நின்றார்கள், கையில் கவர். அதற்கு மறுநாள் ஐந்து பேர். பக்கத்துத் தெரு, பக்கத்து ஊர், அப்பா படம், அத்தை படம், போன ஆவணியில் கல்யாணம் ஆன பையன் படம், நிச்சயதார்த்தப் பட்டுச்சேலையில் ஒரு பிள்ளை. யாருக்கும் விலை பேசத் தெம்பில்லை. போணிமேல் போணி விழ, கடை வளர்ந்துகொண்டே போனது, பின்சுவர் தானாகத் தள்ளிக்கொண்டது, ஒரு நாள் பார்த்தால் மாடிப்படி முளைத்திருந்தது. சந்தில் மற்றவர்கள் எல்லாம் விடிந்ததும் இன்றைக்காவது ஒரு ஆள் வர வேண்டும் என்று முப்புடாதியம்மனைக் கும்பிட, வடிவு ஒருத்தி மட்டும் ஷட்டரில் கை வைத்து, தாயே, இன்னைக்கு ஒருத்தரும் வரக் கூடாது என்று கும்பிட்டாள். அம்மன் கேட்கவில்லை. தான் ஆசைப்பட்டது இதற்குத்தானே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆனி மாதம் சாரல் தொடங்கியது. கடைகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தது, ஜனங்கள் தெருவில் நடமாடத் தொடங்கினார்கள். எதிரே அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் தெய்வானை செங்கல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் எதையோ வைத்து, அதற்கு மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் உட்கார்ந்தாள், இரண்டாம் நாளும் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் வடிவு ஒரு படத்துக்குக் கொக்கி மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். டம்ளருக்குள் இருந்தது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கடை.

கொக்கி கையிலிருந்து விழுந்தது. சந்தில் அத்தனை கடைக்கும் அவர் போணி பண்ணினாரே, அவர் கடைக்கு யார் போணி பண்ணினார்கள்? பாய்? குமரேசன்? செருப்புக்கடை? ஒருத்தரும் இல்லை. ஒரு நாளும் இல்லை. பள்ளிக்கூடமே இல்லாதபோது பை எதற்கு, வெளியே போகாதவனுக்குக் குடை எதற்கு என்று எல்லாரும் அவர் கை எப்போது நம் வாசலுக்கு வரும் என்றே பார்த்திருந்தார்கள். ஒரு பையைக் கிழித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க யாருக்கும் தோன்றவில்லை. தனக்கும் தோன்றவில்லை. புளியங்கொட்டை இன்னும் இரண்டு நாளில் கண்ணுக்குத் தெரியாது என்பது அளக்காமலே தெரிந்தது.

கதவு மூலையில் வடிவின் குடை சாய்ந்திருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சியிடம் வாங்கியது, நல்ல சரக்கு, இதுவரை ஒரு கம்பி வளைந்ததில்லை. அதை எடுத்து மேஜை விளிம்பில் வைத்து அழுத்தினாள். கம்பி லேசில் மசியவில்லை, முழங்காலைக் கொடுத்து ஒவ்வொன்றாக ஒடித்தாள், துணியைக் கட்டரால் கீறி வாசலில் எறிந்தாள். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. முடித்த படம் ஒன்றை மேலத்தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அதை பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாரலில் இறங்கி எதிர்ப்பக்கம் போனாள்.

"போணி ஆச்சா மைனி?"

தெய்வானை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கன? இது கடைன்னு யாருக்குத் தெரியுது?"

"எனக்கு ஒரு குடை வேணும். எங் குடை ஒடிஞ்சிட்டு."

தெய்வானை எதிரே பார்த்தாள். வடிவு கடை வாசலில் கம்பி கம்பியாய்க் கிடந்தது அந்தக் குடை. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. டம்ளரைத் தூக்கினாள், சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, அதன் முனையால் ஷட்டரை நெம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து வடிவின் உள்ளங்கையில் வைத்தாள். சீரகம் அளவில் ஒரு குடை.

"முந்நூத்தி இருவது" என்றாள். "அவுக வச்ச வெலை."

வடிவு எண்ணிக் கொடுத்தாள். கொடுத்த கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "மைனி, எங் கை ராசியான கை இல்ல. செத்தவுக படத்துக்கு பிரேம் போடுத கை. அதுக்குப் பயந்துதான் இத்தன நாளும் வரலையோ என்னமோ. ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா வேண்டாம்."

தெய்வானை ரூபாயை இரண்டு கையாலும் பிடித்து, இடது கண்ணில் ஒற்றினாள், வலது கண்ணில் ஒற்றினாள். நோட்டு நனைந்துவிட்டது.

"ராசி கெடக்கட்டும்" என்றாள். "நீ நெசமாவே நனைஞ்சிட்டு நிக்கல்லா. அது போதும்."

வடிவு அந்தக் குடையை இரண்டு நகத்துக்கு நடுவில் பிடித்து ஊதினாள், அது விரிந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலை நனைந்தது, முதுகு நனைந்தது, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னால் ஒரு கொட்டை வெடிப்பது போலச் சின்னச் சத்தம் கேட்டது, தெய்வானை "யம்மா" என்பதும் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. சந்து முனையில் மைதீன் பாய் தன் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, பேத்தியின் புத்தகப் பையை மடியில் வைத்து, அதன் வாரைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தார்.